குரல் என்னுடையதுதான்

திண்டிவனத்தில் மாசிலாமணியை முகம் பார்த்து அடையாளம் சொல்பவர்கள் கொஞ்சம் பேர்தான். குரலைக் கேட்டால் எல்லோருக்கும் தெரியும். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, மின்தடை அறிவிப்பு, கண் சிகிச்சை முகாம், அம்மன் கோயில் கூழ் வார்த்தல், காணாமல் போன பிள்ளை, யார் வீட்டிலோ சாவு என்று எதுவாக இருந்தாலும் ஆட்டோவின் மேல் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் முப்பது வருடமாக வருவது அவர் குரல்.

பிறந்தது பிரம்மதேசம் பக்கத்தில் ஒரு காலனி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நடவும் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கவும் போனவர்கள். மாசிலாமணி நிலத்துக்குப் போகாமல் ஒரு மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கம்பம் நடுவது, ஒயர் இழுப்பது, பேட்டரி தூக்குவது. ஒருநாள் வழக்கமாக அறிவிப்பு செய்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இறந்துபோன செய்தியைச் சொல்ல வேண்டும். கடைக்காரர் இவர் கையில் மைக்கைத் திணித்தார். சாவுச் செய்தி என்றால் குரலை இழுத்து அழுகையைக் கூட்டுவதுதான் அப்போது வழக்கம். மாசிலாமணி அப்படிச் செய்யவில்லை. பெயர், ஊர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதை, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். அன்றிலிருந்து சாவு வீட்டுக்காரர்கள் அவரைக் கேட்டு வரத் தொடங்கினார்கள். மரக்காணம் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளை மைக் மூலமே அம்மாக்களிடம் சேர்த்திருக்கிறார். அவர் சொன்னால் பொய்யாக இருக்காது என்று ஊர் நினைத்தது.

இப்போதெல்லாம் தெருத்தெருவாகக் கத்த வேண்டிய வேலை குறைந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து போனில் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், கடைக்காரர்கள் அதை ஆட்டோவில் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க அவர் பேசிக்கொண்டிருக்கும்போது மனைவி ஜெயம் சமையலறையில் ஒரு பாத்திரம் நகர்த்தக் கூடாது.

அப்படித்தான் ஒருநாள் ராஜ்குமார் என்று ஒருவன் போன் செய்தான். விழுப்புரத்தில் புதிதாக ஆஸ்பத்திரி திறக்கப் போகிறார்களாம், அதற்கு அவன் மேனேஜராம். நல்ல மரியாதையான பேச்சு.

“சார், திண்டிவனத்துல யாரைக் கேட்டாலும் உங்க பேரைத்தான் சொல்றாங்க. எங்களுக்கு வழக்கமான அறிவிப்பு வேணாம் சார். நாடகம் மாதிரி ஒண்ணு வேணும். ஒருத்தர் உடம்பு முடியாம சிநேகிதனுக்குப் போன் பண்றாரு. அடுத்து எங்க ஆஸ்பத்திரி பேரு வரும். நீங்க உங்க சொந்தப் பேரையே சொல்லிப் பேசுங்க. ஜனங்களுக்குப் பழகின குரல், பழகின பேரு. மனசுல நிக்கும்.”

முன்பணமும் உடனே அனுப்பிவிட்டான். மாசிலாமணிக்குப் பெருமையாக இருந்தது. அத்தனை வருடத்தில் சொந்தப் பெயரை அவர் மைக்கில் சொன்னதே இல்லை. நாலைந்து தடவை பேசிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்குவதுபோல் இருக்கட்டும் என்று ராஜ்குமார் கேட்டான். பேசினார். கேட்டுக்கொண்டிருந்த ஜெயம் சமையலறையிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

“வேணாங்க, இந்த மாதிரி பேசறது. கேக்கவே பேஜாரா இருக்குது.”

“அட, விளம்பரம்டி. கடைசில சிரிச்சிக்கினு ஆஸ்பத்திரி பேரு சொல்லுவாங்க.”

பதிவை அனுப்பியதும் ராஜ்குமார் பாராட்டித் தீர்த்தான். ஆஸ்பத்திரியின் வாட்ஸ்அப் குழுவில் அவரைச் சேர்க்கப் போவதாகவும், போனுக்கு ஒரு ஆறு இலக்க எண் வரும், அதைச் சொன்னால் போதும் என்றும் சொன்னான். எண் வந்தது. அதன் கீழேயே யாரிடமும் இதைச் சொல்ல வேண்டாம் என்று ஒரு வரியும் வந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. எண்ணைத்தான் தேடினார், எண்ணைத்தான் பார்த்தார், சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை செஞ்சி ரோட்டில் ஒரு மரச்சாமான் கடைத் திறப்பு விழா. கடைக்காரர் நேரடியாக வந்து பேசச் சொன்னதால் பெரியசாமியின் ஆட்டோவில் மாசிலாமணியே மைக் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார். கட்டில், பீரோ, டைனிங் டேபிள் என்று அடுக்கிக்கொண்டே வந்தபோது டீக்கடையிலிருந்து ஒருவர் கிளாசோடு ரோட்டுக்கு ஓடிவந்து ஆட்டோவை மறித்தார்.

“அண்ணே! நீங்க ஆஸ்பத்திரில இல்ல?”

“இன்னாப்பா சொல்ற?”

அவர் தன் போனை நீட்டினார். தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழு. மாசிலாமணியின் படம், மாசிலாமணியின் பெயர், கீழே ஒரு குரல் பதிவு. அழுத்தினார்.

‘நான் மாசிலாமணி பேசறேன்... ஆஸ்பத்திரியில இருக்கேன்பா... ரொம்ப முடியல... உன்னைத்தான் நம்பிக்கினு இருக்கேன். கொஞ்சம் உதவி பண்ணு...’

அவ்வளவோடு நின்றுவிட்டது. அதன் பிறகு வர வேண்டிய ஆஸ்பத்திரி பெயர் இல்லை. அதற்குப் பதில் பணம் அனுப்ப ஒரு எண் இருந்தது. மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள். அவர் மூச்சு வாங்கி உதவி கேட்டது செஞ்சி ரோடு முழுக்கக் கேட்டது.

தன் போனை எடுத்துப் பார்த்தார். வாட்ஸ்அப் திறக்கவில்லை, புதிதாகப் பதிவு செய்யச் சொன்னது. அதற்குள் அழைப்பு மேல் அழைப்பு. மைக் செட் சங்கத்துக்காரர்கள், சர்ச்சில் தெரிந்தவர்கள், கடைக்காரர்கள். சிலர் விசாரித்தார்கள். சிலர், “போட்டு விட்டிருக்கேன், வந்துச்சா?” என்று கேட்டார்கள்.

மகள் கலைப்பிரியா சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கும் அந்தப் பதிவு போயிருந்தது. பணம் அனுப்புவதற்கு முன் ஒரு தடவை அப்பாவிடம் பேசிவிடுவோம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தவளுக்கு ஒருவழியாக லைன் கிடைத்தது.

“அப்பா! எங்கப்பா இருக்க?”

“ரோட்டுலதாம்மா இருக்கேன்.”

அவள் ஒரு நிமிடம் அழுதாள். பிறகு மளமளவென்று சொன்னாள். “பணம் போட்டவங்க எல்லாரையும் உடனே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்கு, ஒன்னு ஒம்போது மூணு சைபர், ஆன்லைன் மோசடிப் புகார் நம்பர், அதுக்குப் போன் பண்ணச் சொல்லு. ஜல்திப்பா. பணம் அந்தக் கணக்குல இருக்கறப்பவே சொன்னா நிறுத்தி வைக்க முடியும். நீ விழுப்புரம் போய் சைபர் கிரைம்ல எழுதிக் குடு. யார் கூப்பிட்டு எந்த நம்பர் கேட்டாலும் சொல்லாத.”

கடைசியாகச் சொன்னது அவருக்குச் சுருக்கென்றது. ஆறு இலக்க எண்ணை ஏற்கெனவே சொல்லிவிட்டதை அவளிடம் மறைத்துப் போனை வைத்தார்.

பெரியசாமி ஆட்டோவை அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குத் திருப்பினான். விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் எங்கே போகிறீர்கள் என்று பேச்சுக் கொடுத்தார். மாசிலாமணி பதில் சொல்லவில்லை. பேசினால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயம். விக்கிரவாண்டி தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

சைபர் கிரைமில் அருணா என்று ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர். பொறுமையாகக் கேட்டார். பதிவை இரண்டு தடவை ஓடவிட்டார்.

“கம்ப்யூட்டர்ல உங்க குரல் மாதிரி செஞ்சிருக்காங்களா, இல்ல உங்க குரலேதானா?”

“குரல் என்னுதுதான் மேடம். நான் பேசினதுதான்.” விளம்பரக் கதையைச் சொன்னார். சொல்லும்போதே தனக்கே அது நம்பும்படி இல்லை என்று தோன்றியது. “நானும் அவங்களோட சேர்ந்து பண்ணேன்னு நெனைப்பீங்க.”

“ஏன் அப்படி நெனைக்கணும்? இந்த நாற்காலியில போன வாரம் ஒரு வக்கீல் உட்கார்ந்து அழுதாருங்க. ஏமாத்தறது அவனுங்களுக்கு முழுநேர வேலை. ஒவ்வொருத்தருக்கும் எது சந்தோஷம், எது பயம்னு பார்த்துத்தான் வருவானுங்க. உங்ககிட்ட உங்க குரலைப் புகழ்ந்துக்கினு வந்திருக்கான்.”

அங்கேயே அவர் எண்ணுக்கு மறுபடி அந்த ஆறு இலக்கக் குறியீட்டை வரவழைத்து, அவர் கையாலேயே போட வைத்தார்கள். திருடன் வெளியேறிவிட்டான். ஆனால் போகும் முன் வாட்ஸ்அப் கணக்குக்கு அவன் ஒரு ரகசிய எண் போட்டு வைத்திருந்தான். அது தெரியாததால் வாட்ஸ்அப் முழுதாகத் திறக்க ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்றார் அருணா. அப்படி ஒரு ரகசிய எண்ணை மாசிலாமணியே முன்னால் போட்டு வைத்திருந்தால், குறியீட்டைச் சொல்லியிருந்தாலும் அவனால் சுலபமாக உள்ளே வந்திருக்க முடியாது என்பதையும் சொன்னார். “திறந்ததும் முதல் வேலையா அதைப் போடுங்க. இப்ப, தெரிஞ்சவங்க எல்லாருக்கும் எப்படியாவது தகவல் சொல்லுங்க. அந்தப் பதிவு இன்னும் கைமாறிக்கினே இருக்கும்.”

வாட்ஸ்அப் இல்லாமல் ஊருக்கெல்லாம் தகவல் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டார். வீட்டில் சொன்னபோது ஜெயம் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“ஏங்க, புத்தி கெட்டுப் போச்சா? ஏமாந்ததை எவனாவது மைக் வச்சு சொல்லுவானா? நாளைக்கு நான் கடைத்தெருவுல எப்படி நடக்கறது? நாலு பேருக்குப் போன் பண்ணிச் சொன்னா போதும், விடுங்க.”

“நாலு பேருக்கு யார் யாருன்னு பார்த்து சொல்றது? என் குரலைக் கேட்டுத்தான் பணம் போட்டாங்க. என் குரல்லயே வேணாம்னு சொன்னாதான் நிறுத்துவாங்க.”

“பொண்ணுக்கு வரன் பார்த்துக்கினு இருக்கோம். அத்த நெனைச்சிங்களா?”

அவர் பெரியசாமிக்குப் போன் செய்து காலையில் ஆட்டோவைக் கொண்டுவரச் சொன்னார். ஜெயம் அன்று அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலையில் பெரியசாமியின் ஆட்டோ நேரு வீதியில் நுழைந்தது. வழக்கம்போல் பாட்டு எதுவும் போடவில்லை.

“அன்பார்ந்த பொதுமக்களுக்கு மாசிலாமணியின் வணக்கம். இன்னைக்கு எந்தக் கடை விளம்பரமும் இல்லீங்க. நான் ஆஸ்பத்திரியில இருக்கறதா ஒரு குரல் உங்க போனுக்கு வந்திருக்கும். குரல் என்னுடையதுதான். விளம்பரம்னு சொல்லி என்னைப் பேச வச்சு, அதை வெட்டி எடுத்துட்டாங்க. என் போனுக்கு வந்த குறியீட்டையும் நானே சொல்லிட்டேன். ஏமாந்தது நான். தயவுசெஞ்சு யாரும் பணம் அனுப்பாதீங்க. அனுப்பினவங்க ஒன்னு ஒம்போது மூணு சைபருக்கு இப்பவே கூப்பிடுங்க. இனிமே என் குரலாவே இருந்தாலும், உங்க புள்ளைங்க குரலாவே இருந்தாலும், அவசரம்னு காசு கேட்டா நம்பாதீங்க. போனை வச்சிடுங்க. உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கற நம்பருக்கு நீங்களே திருப்பிக் கூப்பிட்டுப் பேசுங்க. கிடைக்கலைன்னா பக்கத்துல இருக்கறவங்களை விசாரிங்க. ஆறு நம்பர் வந்தா அது உங்க வீட்டுச் சாவி மாதிரி. கேக்கறவன் யாரா இருந்தாலும் குடுக்காதீங்க.”

கடைகளில் வேலை நின்றது. சிலர் சிரித்தார்கள். ஒரு வளையல் கடைக்காரர் அங்கேயே போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். மார்க்கெட் முனையில் ஒருவன், “நீயே பேசிட்டு நீயே இல்லன்றியா? உனக்கு எவ்ளோ பங்கு?” என்று கத்தினான். பெரியசாமி கோபமாக இறங்கப் பார்த்தான். மாசிலாமணி அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அதே வாசகத்தை முதலிலிருந்து மறுபடி சொன்னார். குரல் ஓரிடத்தில் உடைந்தது. முன்பெல்லாம் அப்படி ஆனால் நிறுத்திவிட்டு மறுபடி பதிவு செய்வார். தெருவில் அது முடியாது.

மாலை பிரம்மதேசம் போனார்கள். அங்கே தையல்நாயகியின் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். தையல்நாயகி சொந்த நிலத்தில் மல்லாட்டை போடுகிறவள். அவள் புருஷன் பாம்பு கடித்து இறந்தபோது மாசிலாமணிதான் ஊர் ஊராகச் செய்தி சொன்னவர். அன்று அவர் கூலி வாங்கவில்லை. அவள் பணம் போட்டிருப்பாள் என்று அவருக்கு ஏனோ தோன்றிக்கொண்டே இருந்தது.

போட்டிருந்தாள். நிலத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்குக் காயில் கட்ட வைத்திருந்த பணம்.

“நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா. நீ ஏன் போன் பண்ணல?”

“முதல்ல நெசமாவே நீங்கதான்னு நெனைச்சேண்ணே. நேத்து சாயந்தரம் மச்சான் வந்து ஏமாத்து வேலைன்னு சொன்னாரு. கம்ப்ளெயின்ட் குடுத்தா உங்களைப் பிடிச்சிக்கினு போயிடுவாங்களோன்னு விட்டுட்டேன்.”

மாசிலாமணி அவள் போனை வாங்கி அங்கேயே புகார் எண்ணுக்கு அழைத்துக் கொடுத்தார். அவள் பேசி முடித்தாள். ஒரு நாள் தாண்டிவிட்டது, பார்ப்போம் என்றார்கள்.

“நான் எப்படியாவது குடுத்துடறேம்மா,” என்றார்.

“வேணாம். நீங்க திருடலையே.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். “ஆனா கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சைக் கேட்டுட்டு இந்த வாசல்லயே உட்கார்ந்து அழுதேண்ணே. உங்களுக்காக அழுதேன். அதை எவன் திருப்பிக் குடுப்பான்?”

டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் கிளம்பினார்.

முதல் நாளே கூப்பிட்டுச் சொன்ன சிலருக்குப் பணம் முடக்கப்பட்டு, கோர்ட் உத்தரவோடு பிறகு திரும்பி வந்தது. தையல்நாயகிக்கு வரவில்லை. ராஜ்குமார் என்ற பெயரில் பேசியவன் வேறு மாநிலத்தில் யாரோ ஒரு கூலிக்காரரின் பெயரில் வாங்கிய சிம்மிலிருந்து பேசினான் என்பதுவரை தெரிந்தது. அதற்கு மேல் தெரியவில்லை. மாசிலாமணி தையல்நாயகியின் நிலத்துக்கு ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போய் மோட்டாரைச் சரிசெய்து கொடுத்தார். அவள் திட்டினாள், பிறகு விட்டுவிட்டாள்.

இரண்டு ஜவுளிக்கடைகள் அந்தத் தீபாவளிக்கு அவரைக் கூப்பிடவில்லை. அந்தக் குரல் வேண்டாம், ஜனங்கள் வேறு ஞாபகத்துக்குப் போய்விடுவார்கள் என்றார்களாம். இப்போது யார் விளம்பரம் கேட்டாலும் கடையை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார். முகம் தெரியாதவர்களுக்குப் பேசுவதில்லை. வாட்ஸ்அப்புக்கு ரகசிய எண் போட்டாயிற்று. கலைப்பிரியாவும் அவரும் தங்களுக்குள் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். அவசரம் என்று யார் யாருக்குப் பேசினாலும் அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும். அது என்ன என்று ஜெயத்துக்கும் தெரியும், இதை எழுதுகிற எனக்குத் தெரியாது.

ஆனால் அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மைக்கில் சொன்ன பிறகு, ஏற்கெனவே ஏமாந்து வெளியே சொல்லாமல் இருந்தவர்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். பார்சல் வந்திருக்கிறது என்ற லிங்கைத் தொட்டவர், வெளிநாட்டு வேலைக்குப் பணம் கட்டியவர், போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்தவனுக்குப் பயந்து ஒரு பகல் முழுக்க அறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பேங்க் ஆபீசர். போலீஸ் வீடியோ காலில் யாரையும் கைது செய்வதில்லை என்று அவருக்குத் தெரியாமல் இல்லையாம், அந்த நேரத்தில் எதுவும் ஞாபகம் வரவில்லையாம். சும்மா வந்து உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் ஒரு பெண் ஜெயத்தைக் கேட்டு வந்தாள். கலைமதி என்று வைத்துக்கொள்வோம், அது நான் வைத்த பெயர். நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. புருஷன் வானூர் பக்கம் கட்டட வேலைக்குப் போய்வருகிறவன். யாரோ ஒருவன் அவளுடைய புரொபைல் படத்தை எடுத்து, ஆபாசமான படத்தில் முகத்தை ஒட்டி அனுப்பியிருந்தான். பணம் தராவிட்டால் புருஷனுக்கு அனுப்புவேன் என்றான். ஒரு தடவை கொடுத்தாள். மறுபடி கேட்கிறான். அவள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மைக்கில் சொல்ல வேண்டாம் என்று கதவை மறித்த ஜெயம் அவளை உள்ளே அழைத்து, முதலில் கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்தாள். பிறகு புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு பேரும் விழுப்புரம் பஸ் ஏறினார்கள்.

அருணா சொன்னது நேராக இருந்தது. “இனிமே ஒரு ரூபா போடாத. போட்டா நிறுத்த மாட்டான். மெசேஜ் எதையும் அழிக்காத, எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எங்களுக்குக் குடுத்துட்டு பிளாக் பண்ணு. இதுல தப்பு பண்ணது நீ இல்ல.”

திரும்பி வரும்போது ஜெயம்தான் சொன்னாள். “உன் வீட்டுக்காரருக்கு அவன் சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லிடு. நான் வேணும்னா கூட வர்றேன்.”

“வேணாங்க்கா. நானே சொல்றேன்.”

சொன்னாள். புருஷன் படத்தைப் பார்க்கக்கூட இல்லையாம். கை கழுவிக்கொண்டிருந்தவன் தண்ணீரை நிறுத்திவிட்டு, “இத்தினி நாளா இத்த தனியாவா வச்சிக்கினு இருந்த?” என்று மட்டும் கேட்டானாம். பிளாக் செய்த பிறகு வேறு எண்ணிலிருந்து இரண்டு மிரட்டல் வந்தது. அதையும் புகாரோடு சேர்த்தார்கள். பிறகு வரவில்லை.

இதையெல்லாம் ஜெயம் மாசிலாமணியிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்ல காரியம் பண்ண. யாரு அந்தப் பொண்ணு?”

“அது எதுக்கு உங்களுக்கு?” என்றாள் ஜெயம். “நீங்க மைக்குல சொல்லிடுவீங்க. போங்க, போய் ஜன்னலைச் சாத்திக்கினு உங்க வேலையைப் பாருங்க.”